'வேண்டும்' பக்கத்து நாற்காலி

மே 31, சனி

அக்னி நட்சத்திரம் முடிந்தும் அதே காந்தல். காலையிலிருந்து இரண்டு முறை கரண்டு போய் வந்தது.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய் அரை லிட்டர். சீயக்காய். டயபர் ஒரு பாக்கெட். ரிமோட்டுக்கு பேட்டரி இரண்டு.

இதில் பேட்டரிதான் தலை போகிற அவசரம். மாமாவுக்கு வாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது கண், காது, இடது கை. அந்தக் கையில் ரிமோட். ராசிபலனில் ஆரம்பித்து செய்தி, சமையல், சீரியல் என்று அவருக்கு நாள் ஓடுகிறது. பிடித்தால் சத்தம் கூட்டுவார், பிடிக்காவிட்டால் ஊமையாக்கிவிடுவார். நானும் இவரும் சண்டை போட்டால் முழுச் சத்தம். தெருவே கேட்கும். மாமனார் மருமகளிடம் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேசுவது?

மதியம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம், நானும் மதினியும். மதினி இவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. நான் ஆபீஸ் போகிற நாட்களில் பகல் முழுக்க மாமாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை குளியல் என்றால் மாமாவுக்குக் குழந்தைச் சிரிப்பு. ஒரு பக்க வாய் மட்டும் சிரிக்கும்.

டிவியிலிருந்து போன். ஆபீஸ் புஷ்பா என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். விவாத நிகழ்ச்சி, மதுரையிலேயே எடுக்கிறார்களாம். கருணைக்கொலை வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் பக்கம் என்றால் வருகிறேன் என்றேன். வீட்டில் தலைப்பைச் சொல்லவில்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றி என்று மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஷூட்டிங். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மண்டபம். எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஏ.சி.யில் நடுக்கம். மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. மெரூன் பட்டு கட்டினேன், பவுடர் போட்டுவிட்டார்கள்.

வேண்டும் பக்கத்தில் ஆள் குறைவு. வருகிறேன் என்ற நான்கு பேர் வரவில்லை. ஏற்பாடு செய்கிற பெண் என்னிடம் வந்து குனிந்தாள். வீட்டில் நோயாளி வைத்திருப்பவள் நான், நான் பேசினால்தான் எடுபடும், பட்டிமன்றத்தில் ஆள் மாறி உட்காருவது இல்லையா, அந்த மாதிரிதான் அக்கா என்றாள். பார்த்தேன். இந்தப் பக்கம் நாற்காலி கடைசி வரிசை. அந்தப் பக்கம் முதல் வரிசை. எழுந்து போய் உட்கார்ந்துவிட்டேன்.

எழுதத்தான் போகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். முதல் வரிசைக்காகத்தான் போனேன்.

பேசினேன். முதுகுப் புண், துணி மாற்றுவது, வாடை, மூன்று வருடமாக ஒரு கல்யாணத்துக்குக்கூட இரண்டு பேரும் சேர்ந்து போக முடியாதது. மனப்பாடமாக எதுவும் கொண்டு போகவில்லை, தானாக வந்தது. நடத்துகிறவர் கேட்டார், சாகணும்னு அவரே கேட்டாரா? அதற்கு நான் சொன்னது:

"எங்க மாமாவுக்கு மட்டும் வாயி இருந்துச்சுன்னா, என்னைய விட்ருங்கம்மான்னுதான் சொல்லுவாரு."

கைதட்டல். எதிர்ப்பக்கத்து டாக்டர் ஒருவர், பிழைக்கவே வழியில்லாதவருக்கு மிஷினை எடுப்பது வேறு, உயிரோடு படுத்திருப்பவரை முடிப்பது வேறு என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கு யாரும் கைதட்டவில்லை.

கிராமத்து ஆள் ஒருவர் எழுந்து தலைக்கு ஊற்றுவதைப் பற்றிச் சொன்னார். படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு ஒரு நாள் குறித்து, உறவுக்கெல்லாம் சொல்லி, உடம்பெல்லாம் எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுப்பார்களாம். ஓரிரு நாளில் ஜன்னி வந்து போய்விடுவார்களாம். சின்ன வயதில் காதில் விழுந்த சங்கதிதான். அந்தக் காலத்தோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமா சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பவுடர் முகத்தைப் பார்த்து அந்த அரைச் சிரிப்பு. நிகழ்ச்சி அடுத்த ஞாயிறு. அன்றைக்கு மட்டும் கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டு, மழையில் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்



பதினொரு மணிக்கு மதினி ஆபீசுக்குப் போன் செய்தார். டிவியில் என்னைக் காட்டுகிறார்களாம். இன்றைக்கு வியாழன்தானே என்றேன். விளம்பரம்! விளம்பரம் என்று ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து நாலு தடவையாம். சோக வயலின், என் முகம், அந்த ஒரு வரி. வேறெதுவும் இல்லை, அந்த ஒரு வரி மட்டும்.

மாமா பார்த்தாரா என்று கேட்டேன்.

"நாலு தடவையும் பார்த்தாரு. அப்புறம் அவரே அமத்திட்டாரு."

அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். டிவி அணைந்து கிடந்தது. மூன்று வருடத்தில் கரண்டு போனால் தவிர பகலில் அது அணைந்ததில்லை. ரிமோட் கட்டிலுக்கு அடியில். மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவர் கடையிலிருந்து வந்தார். கடையில் யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்:

"எங்கப்பா உங்கிட்டச் சொன்னாராடி?"

இல்லை என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆபீசில் எனக்கு மாலை போடாத குறை. சூப்பிரண்டு செல்பி எடுத்துக்கொண்டார். புஷ்பா, "கலக்கிட்ட போ" என்றாள். ஒருத்தர்கூட அந்தப் பெரியவர் என்ன நினைப்பார் என்று கேட்கவில்லை. நானே யோசிக்கவில்லை, பிறகு யாரைச் சொல்ல?

மாமா காலையில் இரண்டு கரண்டி கஞ்சி. மதியம் ஒன்றுமில்லை. அவருக்குப் பிடிக்கும் என்று அயிரை மீன் குழம்பு வைத்து முள் எடுத்துப் பிசைந்தேன். வாயருகே கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை கட்டில் வரைக்கும் போனேன். டயபர் ஈரமா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

டிவி இல்லாத வீடு. சுவர்க்கடிகாரம் இம்புட்டுச் சத்தம் போடும் என்று இன்றுதான் தெரிந்தது. ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டு டிவியில் வயலின். அப்புறம் என் குரல், சுவரைத் தாண்டி. என்னைய விட்ருங்கம்மான்னுதான் சொல்லுவாரு. மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தி என்ன, ஊருக்கே கேட்டாயிற்று.

ஜூன் 14, சனி

எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணி எடுத்துப் போனேன். வழக்கமான சனிக்கிழமை வேலை, நான் எதையும் நினைக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் மாமாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வருடத்தில் நான் கேட்காத சத்தம். இடது கையால் ஓங்கி அடித்தார். கிண்ணம் பறந்து சுவரில் மோதி, தரையெல்லாம் எண்ணெய். உடம்பு உதறிப் படுக்கையை நனைத்துவிட்டார்.

மதினி வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் தவிடு போட்டுத் துடைத்தோம். கோபமாக்கும், இருக்கட்டும், எனக்கு இது வேண்டியதுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி, கோபம் மாதிரித் தெரியவில்லை என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. கண் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

காலை பத்து மணிக்குச் சோழவந்தான் சின்னம்மா வந்தார். மாமாவின் ஒரே தங்கை. வெற்றிலைக் கட்டு, பை ஒன்று, அதில் நான்கு இளநீர். ஹாலில் கட்டிலைத் தாண்டித்தான் அடுக்களைக்கு வர வேண்டும். "அண்ணே, நல்லாருக்கியா" என்று தலையைத் தடவிவிட்டு இளநீரோடு உள்ளே வந்தார். காபி போட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்:

"எந்த நாளு வச்சிருக்கீங்க?"

எதற்கு என்றேன்.

"நீதான் டிவிலயே சொல்லிட்டியே தாயி. ஊரே பார்த்துச்சு. தப்பில்ல, அண்ணன் பட்டது போதும். நாளத் தெரிஞ்சா நம்ம சனத்துக்குச் சொல்லணும்ல, அதான் வந்தேன்."

காபிச் சட்டியைக் கீழே வைத்தேனா, போட்டேனா, தெரியவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துச் சின்னம்மா என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அவருக்கு அது ஆறுதல்.

"பயப்படாத. எங்க அய்யாவுக்கும் இப்படித்தான் செஞ்சோம். அண்ணந்தான் தன் கையால ஊத்துச்சு. இளநியும் அதுதான் குடுத்துச்சு."

ராசிபலன் பார்த்து அரைச் சிரிப்புச் சிரிக்கிற என் மாமா. தன் அப்பாவுக்கு. தன் கையால். இத்தனை வருடமாக இந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இவருக்கே தெரியாது. அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நேற்றைய எண்ணெய்க் கிண்ணம் புரிந்தது. மருமகள் டிவியில் சொல்லிவிட்டாள், இரண்டாம் நாள் எண்ணெயோடு வந்து நிற்கிறாள். மூன்றாம் நாள் தங்கை இளநீரோடு வருகிறாள். அடுத்தது என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும். அவர் என்னைக் கோபிக்கவில்லை. நான் கொல்ல வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார்.

இவர் எழுந்து வந்து, "அத்தை, கெளம்புங்க" என்றார். சின்னம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நீங்கள் சொன்னதைத்தானே கேட்டேன் என்றார். உண்மைதான். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இளநீரைப் பையோடு அவர் கையில் திணித்தேன். இவர் வண்டியில் கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

சாயங்காலம் நிகழ்ச்சி ஓடியிருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை. போனில் பாராட்டாக வந்துகொண்டிருந்தது. அணைத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

லீவு. வானம் மூட்டமாக இருந்தது, பெய்யவில்லை.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். நாக்கு வறண்டுவிட்டது, நாளைக் காலைக்குள் எதுவும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும், இந்த வயதில் இனி ஒரு நாள் தாங்காது என்றார். சலைன் ஏற்றினார். ஊசியை மாமா இடது கையாலேயே பிடுங்கப் பார்த்தார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மத்தியானம் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வரிசை நாற்காலியைக்கூட. சாக வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொண்டேன், என் அலுப்பை உங்கள் வாயில் வைத்துப் பேசிவிட்டேன் என்றேன். அந்த அலுப்பு பொய் என்று மட்டும் சொல்லவில்லை. அதுவும் பொய்யாகிவிடும்.

சீரியலாக இருந்தால் என் தலையில் கை வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். சலைன் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஆறு மணி. தண்ணீர் கொண்டு போனேன். இடது கையைத் தூக்கினார். தட்டிவிடுவார் என்று பார்த்தால், டம்ளரை மெல்லப் பிடித்து என் வாய்ப் பக்கம் தள்ளினார். நீ குடி என்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டார், முதலில் என்னைக் குடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்தேன்.

என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு வாயைத் திறந்தார். அரை டம்ளர் இறங்கியது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டாக்டருக்குப் போன்.

எட்டு மணிக்குக் கஞ்சி. கரண்டியை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். பார்த்தார். பொறுத்தார். வாயைத் திறந்தார்.

பதினொரு மணிக்கு மோர். அதே மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உயிரோடு இருக்க வேண்டும் என்று அவருக்கு எம்புட்டு ஆசை. இதைத்தான் நான் மைக்கில் வேறு மாதிரிச் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

ஆபீஸ் போனேன். மாமா உடம்பு தேவலை. அரை இட்லி. டயபர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பகலில் மதினியும் ஒவ்வொரு வாயும் சாப்பிட்டுக் காட்ட வேண்டுமே என்று கவலையோடு போன் செய்து கேட்டேன். என்ன சாப்பிட்டுக் காட்டுவது என்றார். காலையில் இவர் காபி கொடுத்திருக்கிறார், அப்படியே குடித்தாராம். மதினி ஊட்டிய இட்லியையும் அப்படியே தின்றாராம்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தண்ணீர் கொண்டு போனேன். கை என் பக்கம் தள்ளியது. குடித்தேன்.