மூடியே கிடந்த காற்றுவழி

மஸ்கட்

மதிப்பிற்குரிய அத்தாவுக்கு அல்தாப் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. ஏசி போட்டு ஓட்டினால் தூக்கம் வருகிறது என்றார் சொந்தக்காரர். ஓட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் எனக்கே கண் சொருகியது. பக்கத்தில் இருந்த, கூட வேலை பார்க்கும் எடப்பாடி குமரகுரு, "ஏனுங்க அல்தாப், ரோட்டப் பாருங்க!" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

டேஷ்போர்டைக் கழற்றினேன். வெளிக்காற்றுக்கான பட்டனை அழுத்தினால் விளக்கு மாறுகிறது. அந்தக் காற்றை உள்ளே விடும் மூடி மட்டும் திறக்கவில்லை. அதைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறோம்; அதனால்தான் அந்தத் தூக்கம்.

அத்தா, நம் காரும் அவ்வளவு பழையதுதான். போன லீவில், ஆட்டையாம்பட்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டே நீங்கள் கண்ணயர்ந்தபோது, வயசாகிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சாவியைப் பிடுங்கினேன். மெக்கானிக்காக இருந்தும் காரைத் திறந்து பார்க்கவில்லை.

தம்பி பயாஸிடம் அந்த மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நன்றாகவே இருந்தாலும் நான் பேசியது தப்புதான். மன்னித்துவிடுங்கள்.

போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இந்த வெள்ளிக்கிழமை நீங்களே எடுங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்,
அல்தாப்