அம்மா அசைந்துவிட்ட படம்

அப்பா,

சின்னம்மாவோடு தோணியில் வவுணதீவுக்குப் போகிறேன். சோறும் மீன்கறியும் உறியில் இருக்கின்றன. மத்தியானம் ஸ்டூடியோக்காரர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். என் கலியாணப் படத்தையும் உங்கள் கலியாணத்தில் படம் எடுத்த சீனித்தம்பியரே எடுக்கட்டும்; அவரிடம் சொல்லத்தான் போகிறேன்.

“அவன் எடுத்த படத்தில கொம்மாட முகமே தெரியல்ல” என்று ராத்திரி கத்தினீர்கள். விடியற்காலையில் உங்கள் கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் தூண்போல நிற்கிறீர்கள். அம்மாவின் முகம் மட்டும் காற்றுப்பட்ட வாவித் தண்ணீர்போலக் கலைந்திருக்கிறது. அசையவேண்டாம் என்று அவர் சொன்ன நேரம் பார்த்து உங்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறா. ஸ்டூடியோக்காரர் என்றால் அதை எறிந்துவிட்டு வேறு எடுத்திருப்பார். அம்மா போனபிறகு நமக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான்.

நேசம்

வீட்டுப் பூட்டின் திறப்பு மாடக்குழியில் இருக்கிறது.

படம் எடுக்கும்போது எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அப்பா. நானும் திரும்பினாலும் திரும்புவேன்.