ஏழாவது மாடி வாசகர் வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மாடிப்படி இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி லிப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆயுசில் பாதியை ஏறி இறங்கியே கழித்த உடம்பு இது. ரிட்டயர் ஆகிவிட்டாய் என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

"ஒரு இடத்துல உக்காருங்களேன். கொதிக்கிற பாத்திரத்து மூடி மாதிரி டக்டக்குனு ஆடிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் வீட்டுக்காரி.

மகள் போன் செய்தாள். "உங்க வயசுக்காரங்க எல்லாம் ஆன்லைன்ல புத்தக வட்டம் நடத்துறாங்கப்பா. நீங்க என்னடான்னா பக்கத்து வீட்டு காலிங் பெல்லை அமுக்கிட்டு ஓடுறீங்களாம்."

அபாண்டம். ஓடவில்லை. முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நடந்துதான் வந்தேன்.

மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரரிடம், "புத்தக வட்டம் ஆரம்பிக்கப் போறேன், சேர்றீங்களா?" என்று சும்மா வாயைக் கிளறினேன். மனுஷர் நெஞ்சில் கை வைத்து, "ஐயா, நான் ரெடி. எந்தக் கிழமை?" என்கிறார்.

ஆறாங்கிளாஸில் பாதிவரை போனவன் நான். இப்போது எப்படிப் பின்வாங்குவது?

மார்ச் 7, சனி

மகள் தன் ஊரில் இருந்தபடியே போனில் கூட்டம் நடத்த வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டாள். வட்டத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். "ஏழாவது மாடி" என்றேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாடிதான். புதிதாக வரும் டாக்டர்களிடம் "ஏழாவது மாடியா சார்?" என்று கேட்டு முழிக்க விடுவது என் வழக்கம்.

ஐந்து மணிக்கு முதல் கூட்டம். மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்தே பேசினார், நடுநடுவே காய்ச்சல் மாத்திரை விற்றார். எங்கள் பழைய வாட்ச்மேனும் வந்தான். குளிக்கும்போதாவது கழற்றுவானா தெரியாது, எப்போதும் தலையில் தொப்பி, அதனால் பெயரே தொப்பி. கேமராவை எப்படி வைத்தானோ, கடைசிவரை அவன் வீட்டு மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசினோம்.

"தொப்பி, முன்னைக்கு இப்ப முகத்துல களை வந்திருக்கு. அப்படியே சுத்திட்டு இரு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த நர்ஸம்மாதான் எந்த நாவல் படிப்பது என்று சொன்னார். புருஷனை இழந்த ஒருத்தி பெரிய வீட்டை அறை அறையாக விற்றுக்கொண்டே வந்து, கடைசியில் சமையலறையோடு நிற்கிறாளாம். "ரத்தம் எடுக்கிறதை இன்னும் விடலியா நர்ஸம்மா நீங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும்.

மார்ச் 10, செவ்வாய்

நான்காம் பக்கம். விரல் வைக்காமல் படித்தால் வரி ஓடிவிடுகிறது. விரல் வைத்தால் தூக்கம் வருகிறது. எழுந்து பால்கனிக்குப் போகிறேன், வருகிறேன், விட்ட இடம் தெரிவதில்லை.

நான் பால்கனிக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக்காரி புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அதற்குள் மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டதாம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கதை சொன்னாள். சொல்லி முடித்து, கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு, "முதல்ல விக்கிறாளே, அது அவ புருஷன் சீக்கா படுத்துக் கிடந்த ரூம். அவ ரூமை விக்கலங்க. அங்க கேட்ட இருமலை விக்கிறா" என்றாள்.

"சரி சரி, அடுப்பைப் பாரு" என்றேன்.

ஆனால் காதில் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

கூட்டத்தில் எடுத்துவிட்டேன். தொண்டையைச் செருமி, கொஞ்சம் இழுத்து – "அவள் விற்பது அறையை அல்ல, அங்கே கேட்ட இருமலை."

ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தொப்பியின் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. மருந்துக்கடைக்காரர், "ஐயா, இதை எழுதி கடையில ஒட்டப் போறேன்" என்கிறார். ஒட்டினால் இருமல் மருந்து விற்காதே என்றேன். நர்ஸம்மா மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார்.

எப்படித் தூங்குவேன் இன்றைக்கு?

மார்ச் 18, புதன்

இவளிடம் அடுத்த மூன்று அத்தியாயத்தையும் கேட்டாயிற்று. துணி மடிக்கும்போது கொஞ்சம், கீரை ஆயும்போது கொஞ்சம். முகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது அவளுக்கு. வாசலில் யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி. கேட்டுக்கொண்டே சனிக்கிழமை எதை எங்கே சொருகலாம் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 21, சனி

கூட்டம் பெருத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தன் மச்சான்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பேசப் பேசக் கைதட்டு. "ஐயா மட்டும் காலேஜ் போயிருந்தா" என்கிறார் ஒரு மச்சான். போயிருந்தால் அங்கேயும் லிப்ட்தான் ஓட்டியிருப்பேன் என்றேன்.

யாரோ கேட்டார்கள், "வீட்டுல அம்மாவும் படிப்பாங்களா?"

"அவளா? அவ படிக்கிறது ரெண்டே ரெண்டு. கரண்ட் பில்லு, மருந்துச் சீட்டு."

நல்ல சிரிப்பு. மின்விசிறியே சிரித்தது.

சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. கவனித்தேனா? கவனித்தேன். நிறுத்தினேனா?

மார்ச் 22, ஞாயிறு

"ஏழாவது அத்தியாயத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டேன். சோபாவில் உட்கார்ந்து கரண்ட் பில்லைப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டு, விரல் வைத்து, நிதானமாக. முன்பக்கம் முடிந்து பின்பக்கம் திருப்பினாள்.

"படிச்சிட்டு இருக்கேன். முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம்.

"விசேஷமா?"

"இல்ல."

"எப்ப வருவ?"

"தெரியல."

இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் தெரியல என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் தெரியும் அவளுக்கு. பெட்டிச் சாவி, பக்கத்து வீட்டுக்காரன் சம்பளம், எனக்கு எப்போது வயிறு கெடும் – எல்லாம்.

புத்தகம் என் தலையணை மேல் கிடந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள்.

மார்ச் 28, சனி

ஏழாவது அத்தியாயத்தில் அந்தப் பொம்பளை யாருக்கு அறையை விற்கிறாள் என்று நர்ஸம்மா கேட்டார். நான் படிக்கவில்லை. ஒரு தையல்காரனுக்கு என்று அடித்துவிட்டேன். அவன் குணத்தை வேறு அலசினேன். அப்படி ஒரு தையல்காரனே புத்தகத்தில் இல்லையாம்.

"அட, என் சட்டையைத் தைக்கக் கொடுத்த ஞாபகத்துல சொல்லிட்டேன்" என்று சமாளித்தேன். சிரித்தார்கள். என்ன சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

பக்கத்து அறையில் பெட்டி மூடுகிற சத்தம். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மற்றதற்கெல்லாம் வருகிற வாய்.

மார்ச் 29, ஞாயிறு

போயிட்டா. நெசமாவே போயிட்டா. பெட்டியை நான் தூக்கிட்டு இறங்கினேன், படியில ரெண்டு ஜோக்கு சொன்னேன், ஆட்டோ வந்துச்சு, ஏறிட்டா. திரும்பிப் பார்க்கல.

மார்ச் 31, செவ்வாய்

மகள் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "அம்மா என்ன சொன்னாங்க தெரியுமாப்பா?" என்றாள்.

"என்ன சொன்னா?"

"'ரொம்ப வருஷம் கழிச்சு உங்கப்பா நான் பேசுறதை உக்காந்து கேட்டார்டீ. எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் தெரிஞ்சது, அது சனிக்கிழமைக்காகன்னு.'"

போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். ஹால், பால்கனி, ஹால், சமையலறை. சமையலறையில் மட்டும் நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

விரல் வைத்துப் படிக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து. யார் பார்க்கப் போகிறார்கள்? உதடும் அசைகிறது.

ஏழாவது அத்தியாயம் – வாங்குகிறவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. அவர்கள் இரைந்து சண்டை போடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. இதை உடனே இவளிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து சமையலறை வாசல்வரை போய்விட்டேன்.

போன் செய்தேன். கொழுந்தியாள் எடுத்தாள். "அக்கா தூங்குறா அத்தான்."

"காலைல பதினொரு மணிக்கா?"

"ஆமா அத்தான்." பக்கத்திலேயே இவள் தும்மினாள். அந்தத் தும்மலை எனக்குத் தெரியாதா?

"தூக்கத்துல தும்முறா போல" என்றேன். வைத்துவிட்டாள்.

இந்த நாக்கை என்ன செய்ய?

ஏப்ரல் 4, சனி

இன்று சொல்லிவிட்டேன். கூட்டம் ஆரம்பித்ததும், எந்த இழுவையும் இல்லாமல், "இதுவரைக்கும் நான் இங்க பேசினதெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது. அப்ப நான் புத்தகத்தையே படிக்கல. இருமலும் அவ சொன்னதுதான்" என்றேன்.

சிரிப்பு. எந்தக் கூட்டத்திலும் வராத சிரிப்பு. மச்சான்கள் மேசையைத் தட்டுகிறார்கள். தொப்பி, "யோவ், வயிறு வலிக்குதுய்யா, விடுய்யா" என்கிறான். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எந்தம்மா ஐயா? கரண்ட் பில்லு படிக்கிற அம்மாவா?" என்றார்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"பாருங்க, முகத்தை எப்படி வச்சுக்கிறார்."

நெசமாத்தான்யா சொல்றேன்னு கத்துறேன். இன்னும் சிரிக்கிறானுங்க. நான் ஒருத்தன்தான் சிரிக்கல. போனை அணைத்துவிட்டேன்.

இனி நான் எந்தக் குரலில் சொன்னால் நம்புவார்கள்? அப்படி ஒரு குரல் என்னிடம் இருக்கிறதா?

ஏப்ரல் 6, திங்கள்

நர்ஸம்மா போன் செய்தார். "நான் சிரிக்கல அண்ணே. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை.

"எனக்கு நீங்க இருமல்னு சொன்ன அன்னைக்கே தெரியும், அது அண்ணி சொன்னதுன்னு. எத்தனை வருஷம் வார்டுல இருந்திருக்கேன்? இருமுற ஆளுக்கு அவன் சத்தம் தெரியாது. ராத்திரி முழுக்கப் பக்கத்துல கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கிறவளுக்குத்தான் தெரியும்."

"அப்பவே என்னைப் பிடிச்சிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சரி, அண்ணி நம்பர் குடுங்க. நான் பேசுறேன். கூட்டத்துக்கு வந்தாங்கன்னா நீங்க வாயே திறக்கக் கூடாது."

"ஊசி போட்டு விடுங்க, திறக்க மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

புத்தகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் படித்தேன். வருவாளா மாட்டாளா என்று நர்ஸம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நகத்தில் கடிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை.

ஏப்ரல் 11, சனி

வந்தாள். திரையில் ஓரத்துக் கட்டத்தில், நெற்றியும் கண்ணாடியும் மட்டும். பின்னால் கொழுந்தியாளின் தோள். "கொஞ்சம் கீழ இறக்குக்கா" என்று அவள் குரல். இறக்கினார்கள். முகம் மெலிந்திருந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ?

"அண்ணே போன வாரம் சொன்னது ஜோக் இல்ல. இவங்கதான் அது" என்றார் நர்ஸம்மா.

நான் மைக்கை அணைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இவள் பேச ஆரம்பித்தாள். அந்தப் பொம்பளைக்கு வீடு குறையக் குறைய மனசு லேசாகிறது, சமையலறை மட்டும் மிஞ்சினபோதுதான் வீடு அவள் கைக்கு அடங்குகிறது என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வாங்க வந்தவரைக் கையமர்த்தி நிறுத்தி வைத்திருந்தார்.

"அப்ப இத்தனை நாள் நாங்க கேட்டது உங்களைத்தானாம்மா?" என்றான் தொப்பி. இன்றைக்குப் பார்த்து அவன் முகம் தெரிந்தது.

"ஆமா. நடுவுல கொஞ்சம் ஜோக்கு கலந்திருக்கும். அது மட்டும் அவரோடது" என்றாள்.

அப்போது சிரித்தார்கள். என்னைப் பார்த்து.

"அண்ணே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார் நர்ஸம்மா. மைக்கைத் தேடிப் பிடித்தேன். "மனசு லேசாச்சுன்னு எனக்குத் தோணல. கடைசி ரூமை விக்கும்போது அங்க இருந்த நாற்காலியைச் சமையலறைக்குள்ள இழுத்துட்டு வர்றாளே. அங்க நிக்கவே இடமில்ல. யார் உக்காரன்னு எடுத்துட்டு வர்றா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது கால் உடைஞ்ச நாற்காலி. யாரும் விலைக்குக் கேட்டிருக்க மாட்டாங்க."

"கால் உடைஞ்சதுன்னு எங்கேயும் போடலியே. நூத்து எண்பத்தாறாம் பக்கம்."

"பக்கம் வரைக்கும் தெரியுமா?"

"விரல் வச்சுப் படிச்சேன்."

புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது. கொழுந்தியாள் வீட்டிலும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறாளா? நீண்ட நேரம் கழித்து, "ஆமா, போடல" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்து மச்சான் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

போன் இல்லை. நானும் செய்யவில்லை. மூன்று தடவை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

நர்ஸம்மா அடுத்த நாவலை அறிவித்துவிட்டார். இந்தத் தடவை வட்டத்தை நடத்தப்போவது இவள். குழுவில் போட்டிருந்தார்கள், கைதட்டல் பொம்மை வரிசையாக. நான் ஒரே ஒரு கைதான் தட்டினேன், அடக்கமாக.

மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"புத்தகம் வாங்கியாச்சா?"

"கடைக்குத்தான் கிளம்பிட்டு இருக்கேன்."

"ரெண்டா வாங்குங்க. நீங்க விரல் எடுக்கிற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது."

"சரி. ஒண்ணைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடட்டா? விலாசம் சொல்லு."

"அனுப்ப வேணாம். வச்சிருங்க" என்றாள்.

வாங்கி வந்து இரண்டையும் மேசை மேல் வைத்திருக்கிறேன். ஒன்றைத்தான் பிரித்தேன்.