வேலை கிடைத்தவர்களின் பட்டியல்

வரதா,

நேற்று என் பேத்தி ஒரு காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். குருபோங்கில் இருக்கும் ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். பயிற்சியை ஒழுங்காக முடித்தால் வேலை நிச்சயமாம். அதற்காகப் புக்கிட் பாருவில் ஒரு வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படிக்கிறாள். "தாத்தா, உங்க பேர எழுதியிருக்கேன், பாருங்க லா" என்றாள். நீல மையில் நான்கு எழுத்துகள். நான் கண்ணாடியைத் தேடவில்லை. பராதான் என்று வாசித்தேன்.

"உங்களுக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியுமா?" என்று வாயைப் பிளந்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வந்த பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவள் எழுதியிருந்தது என் பெயர் மட்டுமல்ல, உன் பெயரும்தான். அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலாக்காச் செட்டிகள் வாழும் உங்கள் கம்போங் செட்டியில் பெயர்களெல்லாம் தமிழ், சாமிகளெல்லாம் தமிழ், பேச்சு மட்டும் மலாய். இதை நான் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினால் உன் வீட்டார் யாராவது வாசித்துவிடக்கூடும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இந்த வயதிலும் எனக்குத் துணிச்சல் அவ்வளவுதான்.

என் அப்பா மலாக்கா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். யுத்தத்தில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் தம்பின் வரை போன தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சயாமில் புதிதாக ரயில்பாதை போட அது தேவைப்பட்டதாம். தண்டவாளம் போனதும் அப்பாவின் வேலை போயிற்று, வேலை போனதும் ரயில்வே வீடும் போயிற்று. காஜா பெராங்கில் உங்கள் தெருவை ஒட்டிய ஒரு பின்னறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம். ஆங்கிலப் பள்ளியில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்த நீ, அன்று எங்கள் பாயையும் அண்டாவையும் தூக்கிவர வந்தாய்.

பள்ளி மூடிக் கிடந்தது. நம் வயதுப் பையன்கள் ஊர் முழுக்க வேலை தேடி அலைந்தார்கள், நாமும் அலைந்தோம். படகுப் பட்டறையில் கேட்டோம், ஐஸ் தொழிற்சாலையில் கேட்டோம். கோப்பிக் கடைச் சீனர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைக்கு ஈகூட வருவதில்லை, நீங்கள் வந்து யாருக்குப் பரிமாறப் போகிறீர்கள் என்றார். அதைச் சொல்லிச் சொல்லி வழி நெடுக நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில்லாத ஆண்பிள்ளைகளைக் கணக்கெடுத்து சயாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு அடிபட்டது. கையில் கட்டிக்கொள்ள ஓர் ஆபீஸ் துணிப்பட்டை இருந்தால் தொட மாட்டார்கள், இல்லாவிட்டால் லாரி. எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது.

பட்டை வேண்டுமென்றால் நிப்பொன்கோ, அவர்கள் மொழி, தெரிய வேண்டும். மூடிய பள்ளியிலேயே மூன்று மாத வகுப்பு நடத்தினார்கள். முதல் நாள் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். வரதனின் 'வ' அவர் வாய்க்குள் போய் 'ப' ஆகி வெளியே வந்தது. "பராதான்" என்றார். வரதனாகிய நீயும் பரதனாகிய நானும் ஒன்றாக எழுந்து, ஆஜர் என்பதற்கு அவர் சொல்லித்தந்தபடி, "ஹாய்" என்றோம். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். நெட்டையான உன்னை ஓகீ பராதான், பெரியவன் என்றார். என்னைச் சீசாய் பராதான், சின்னவன் என்றார். எழுத்தில் அந்த வித்தியாசம் கிடையாது. இருவருக்கும் அதே நான்கு எழுத்துகள்தான். அப்பா பெயரையெல்லாம் சேர்த்து எழுத அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

உனக்கு அந்த மொழி தண்ணீராக வந்தது. எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. உங்கள் கோவில் கிணற்றடியில் கரித்துண்டால் எழுதிக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதற்குக் கூலியாக என்னிடம் தமிழ் கேட்டாய். "நான் பேரு தமிழ், வாய் மலாய். ஆள் பாத்தா சிரிக்கிறது. நீ சொல்லிக் குடு" என்பாய். வினைச்சொல்லுக்கெல்லாம் ஒரே முடிவைப் போட்டு நீ பேசிய தமிழை இன்று நினைத்தாலும் காதில் கேட்கிறது. உன் அம்மாவை உன்னைப் போலவே நானும் மக் என்றுதான் கூப்பிட்டேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து அவர் செய்யும் பலகாரத்தில் இரண்டு பராதானுக்கும் சமமாகத்தான் வைப்பார்.

பரீட்சையில் கடைசிப் பக்கத்தை நான் வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். நீ இன்னொரு தாள் வாங்கி எழுதினாய்.

முடிவு வந்த காலையில் நீ ஊரில் இல்லை. மக்குடன் குருபோங் பக்கம் கிழங்கு தோண்டப் போயிருந்தாய். ஆசிரியரும் இல்லை, அவரைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அரிசிப் பங்கீட்டு ஆபீஸிலிருந்து ஒருவன் வந்து சீட்டைப் பார்த்து "பராதான்" என்றான். ஒரே ஒரு இடம், ஒரே ஒரு பெயர். நான் "ஹாய்" என்றேன். அந்த நிமிஷம்வரை என்னிடம் குற்றமில்லை என்று இன்றும் வாதாடிப் பார்க்கிறேன். கூப்பிட்டது என் பெயர்தானே.

ஆபீஸ் தலைவர் என்னை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டார். திக்கினேன். அவர் சலிப்போடு ஏதோ சொல்ல, பக்கத்திலிருந்த சீன கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, மலாயில் சொன்னார். வகுப்பிலேயே முதல்வன் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாராம், பிறகு ஏன் இப்படித் தடுமாறுகிறாய் என்று கேட்கிறாராம். அப்போது எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. "காய்ச்சல்" என்று சொன்னேன். பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள்.

மத்தியானம் மண் ஒட்டிய காலோடு நீ ஓடி வந்தாய். "யாரு? நீயா, நானா?" என்றாய்.

"நான்தான். சீசாய்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்றேன்.

உன் முகத்தில் ஏதாவது ஒரு சுளிப்பு தெரியுமா என்று பார்த்தேன். தெரிந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ என் பட்டையைத் தடவிப் பார்த்தாய். "பாகுஸ் லா. உங்க அப்பா வேலை இல்ல, நீ கெர்ஜா கிடைச்சது ரொம்ப நல்லது. நான் அடுத்த பரீட்சை எழுதுறது" என்றாய். அடுத்த பரீட்சை வரவே இல்லை. ஆசிரியர் போனதோடு வகுப்பை மூடிவிட்டார்கள்.

இது ஒன்றோடு முடிந்திருந்தால்கூட பயத்தில் செய்துவிட்டான் என்று என்னை மன்னிக்கலாம். ஆபீஸ் பெருக்குகிறவர் காய்ச்சலில் இறந்துபோனார். அது எப்படியோ உன் காதுக்கு எட்டி, வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாய். "பெருக்குற கெர்ஜா போதும் பரதா. எனக்கு மாலு ஒண்ணும் இல்ல" என்றாய். வெட்கம் எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும். நீ உள்ளே வந்து, தலைவரிடம் நாலு வார்த்தை நிப்பொன்கோவில் பேசினால் போதும், யார் முதல்வன் என்பது அவருக்குப் புரிந்துவிடும். "ஆள் எடுத்தாச்சுடா" என்றேன். "தக் அப்பா லா, பரவாயில்ல" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய். யாரையும் எடுக்கவில்லை. ஒரு மாதம் நானே பெருக்கினேன்.

அதன்பிறகு அந்த வேலை வந்தது. ரேஷன் அட்டைகளை எடுத்து, தொழில் என்ற கட்டம் காலியாக இருக்கும் ஆண்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுத வேண்டும். தாளின் தலைப்பை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள்: வேலை கிடைத்தவர்களின் பட்டியல். சயாமில் மூன்று மாத வேலை, அரிசி, துணி எல்லாம் உண்டு என்றார்கள். நம்பியவர்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. ரப்பர் தோட்டங்களிலிருந்து போன யாரும் அதுவரை திரும்பி வரவில்லை.

உன் அட்டை கைக்கு வந்தது. காலிக் கட்டத்தில் பெருக்குபவர் என்று ஒரு வார்த்தையை நான் போட்டிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் யார் சொல்லிப் போட்டாய் என்று கேட்பார்கள், உன்னைக் கூப்பிடுவார்கள், நீ வந்து பேசுவாய். என் பட்டை போனால் அந்தத் தாளில் நானோ என் அப்பாவோ இருப்போம். இப்படியெல்லாம் நியாயம் தேடிக்கொண்டே எழுதினேன். என் பெயரை எழுதிப் பழகிய கை, தடங்கலே இல்லாமல் எழுதியது. தலைவர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். உன்னையே எழுதிவிட்டாயா என்று கேட்டார். அவர் வேறு ஆள் என்றேன். அந்த மொழியில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

நீங்கள் போன காலையில் ஆபீஸ் சார்பில் நானும் திடலில் நிற்க வேண்டியிருந்தது. ஊரில் தண்டவாளம் இல்லாததால் தம்பின் வரை லாரி. ஒரு சிப்பாய் பட்டியலை வாசித்தான். "பராதான்" என்றதும் நாம் இருவரும் அவனைப் பார்த்தோம். அந்த ஒருமுறைதான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ "ஹாய்" என்றாய். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "சயாம் போய் சயாம் பாஷையும் படிக்கிறது. மூணு மாசம் தானே. மக் பாத்துக்கோ" என்றாய். உன் கை சூடாக இருந்தது. நான் உன்னைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பான்காரர்கள் போனபின் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய தோட்டத்துக்காரர் ஒருவர் கடைத்தெருவில் என்னைத் தேடிப் பிடித்தார். உன்னோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். "அந்த நெட்டப் பையன், அரகொறத் தமிழ் பேசுமே, காலராவுல போயிருச்சுங்க. காட்டுக்குள்ள மொத்தமாப் போட்டு எரிச்சுட்டாங்க. அவங்க அம்மாகிட்டச் சொல்லிருங்க. எனக்கு மலாய் சரியா வராது" என்றார். சொல்கிறேன் என்றேன். அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆபீஸ் காகிதங்களைக் கொளுத்தியபோது அந்த ஒரு தாளை உருவி எடுத்து வைத்திருந்தேன். சொல்லத்தான் அதைக் கொண்டுபோனேன், நம்பு. மக் தாளை மடியில் விரித்து, இதில் அவன் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். விரலால் நான்கு எழுத்தையும் தடவினார். அழகான எழுத்து, யார் எழுதியது என்றார். யாரோ ஜப்பான்காரன் என்றேன். இது என்ன காகிதம் என்றார். வாய் தானாகத் தலைப்பை மொழிபெயர்த்தது. வேலை கிடைத்தவர்களின் பட்டியல், மக்.

அவர் முகம் மலர்ந்ததே வரதா, அதை எப்படி எழுதுவது. அப்படியானால் என் பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்கிறது, எங்கேயோ இருக்கிறான் என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின், தோட்டத்துக்காரர் சொன்னதைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்வேன், இரக்கம் ஒன்றும் இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

வருஷாவருஷம் போகியன்று உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். மக் உயிரோடிருந்தவரை உனக்கு இலை போட விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போடக்கூடாது என்று, சாகும்போதும் உன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தச் சொல்லைத் தட்டவில்லை, அவள் பிள்ளைகளும் தட்டவில்லை. உனக்குச் சோறு இல்லாமல் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

போன போகிக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அவன் செத்துப்போனான், அனுப்பியவன் நான் என்று ஒரே வாக்கியம். மலாயில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். படையல் முடிந்திருந்தது. உன் அக்கா மகன் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். எங்கள் மாமாவின் கூட்டாளி என்று தன் பிள்ளைகளிடம் சொன்னான். பாயில் உட்காரவைத்து எனக்கு ஓர் இலை போட்டார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பரதன்