தொட்டியில் நத்தை விட்டவன்

ஜனவரி 11

சகலைக்கு,

பேசாமல் இருந்தது போதும். இனியும் இருந்தால் அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். நமக்குள் அதுதான் வழக்கம்.

இங்கே, நாம் சேர்ந்து வேலை பார்த்த பவளப்பாறை வளர்க்கும் ஹேட்சரியின் அறிவிப்புப் பலகையில், பத்திரிகையில் வந்த உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளங்கையில் ஒரு நத்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். பவளக் குஞ்சுகளைப் பிழைக்க வைத்த எளிய யோசனை என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. "உங்க சகலை பெரிய ஆளாயிட்டார் சார்" என்று தொட்டி கழுவுகிறவர்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

சிமெண்ட் வில்லைகளில் ஒட்டிய குஞ்சுகளைப் பாசி மூடிக் கொன்றுவிடும். எல்லோரும் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். பாசியோடு பாதிக் குஞ்சுகளும் போயின. பாசியை மேய நத்தை விடலாம் என்று தொட்டியில் விட்டது யார்? அதற்காக எனக்கு 'நத்தை' என்று பெயர் வைத்தது யார்? ஹேட்சரி முழுக்க அந்தப் பெயர் பரவி, கடைசியில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்தது. மாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தலைவரோடு பார்வையாளர்கள் வந்த அன்று நான் பழுதான பம்புக்கு அடியில் படுத்திருந்தேன். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். உங்கள் பதவி உயர்வின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

உங்கள் புது வீட்டுச் சமையலறையில் இரண்டு ஜன்னல் இருக்கிறதாம். என் மனைவி நேற்று மூன்று முறை சொல்லிவிட்டாள். சமையலுக்கு எதற்கு இரண்டு ஜன்னல்?

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்காள் கணவன்

ஜனவரி 19

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். என்னை 'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் கோபத்தின் அளவு தெரிந்தது. நீ, வா, போ என்று நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பேட்டியில் 'நாங்கள்' என்றுதான் சொன்னேன். அச்சில் 'நான்' என்று வந்துவிட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும்.

ஜன்னல் விஷயம் உண்மை. இரண்டிலும் உப்புக் காற்றுதான் வருகிறது, உங்கள் கொழுந்தியாள் தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

சகலை, ஒரு சங்கடம். புது ஹேட்சரியில் இந்தப் பருவத்துக் குஞ்சுகள் அருமையாக ஒட்டின. போன மாதம் நத்தைகளை விட்டேன், உங்கள் தொட்டியில் இருந்த அதே இனம். அதிலிருந்து வில்லைகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. பாசியும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. தண்ணீரைச் சோதித்தோம், விளக்கை மாற்றினோம். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்,
உங்கள் சகலை

ஜனவரி 24

சகலைக்கு,

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் யோசனை, நீங்களே யோசியுங்கள். உங்கள் 'நாங்கள்' என்பது நீங்களும் உங்கள் இஸ்திரிச் சட்டையும்தான். அந்தச் சட்டையையே கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நத்தை

பிப்ரவரி 1

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

வேறு இரண்டு ஹேட்சரிகளுக்குப் போன் போட்டேன், யாரென்று சொல்லாமல் கேட்டேன். "இதுக்கெல்லாம் ஒருத்தர் இருக்கார், அவரைக் கேளுங்க" என்று இரண்டு இடத்திலும் என் பெயரையே சொன்னார்கள். என் நம்பரையே எனக்குக் கொடுத்தார்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாதி வில்லைகள் போய்விட்டன. மீதியும் போனால், பவளம் மறுபடி முட்டை விட ஒரு வருஷம் ஆகும். அதுவரை என்னை இந்த நாற்காலியில் வைத்திருக்கமாட்டார்கள்.

பார்வையாளர்கள் வந்த அன்றைக்கு, 'இது என் சகலையின் யோசனை' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைவர் என் தோளில் கை போட்டுவிட்டார். அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

இதோடு என் தொட்டியின் படம் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தரம் பாருங்கள்.

உங்கள் சகலை

பிப்ரவரி 6

சகலைக்கு,

நீ அனுப்பிய தொட்டிப் படத்தை மேசைமேல் கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். "அவர் பண்ணது தப்புதான், யாரு இல்லேன்னா? அந்தக் குஞ்சுங்க உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள். படத்தை வாங்கிப் பார்த்தேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் நத்தைகள் எலுமிச்சம்பழம் அளவு இருக்கின்றன. என் தொட்டியை நீ சரியாகப் பார்த்தது பார்வையாளர்கள் வந்த அன்று மட்டும்தான். அன்றைக்கு என் நத்தைகளும் பெரிதாகத்தான் இருந்தன. ஆனால் குஞ்சுகளும் வளர்ந்து கெட்டிப்பட்டிருந்தன. நான் விட்டபோது ஒவ்வொரு நத்தையும் மிளகளவு. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. பிறந்த குஞ்சுக்கும் பாசிக்கும் பெரிய நத்தைக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். ஆரம்ப நாட்களில் என் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். அப்போது நீ எனக்குப் பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தாய்.

இதைப் படித்த கையோடு பெரியவற்றை எல்லாம் எடுத்துவிடு. கரைப் பாறைகளைப் புரட்டினால் அடியில் மிளகளவு நத்தைகள் கிடைக்கும். அவற்றைத் தனித்தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வில்லைக்கு ஒன்றாக விடு. அதுவரை படம் வரைகிற மெல்லிய தூரிகையால் நீயே குஞ்சுகளைச் சுற்றித் துடை. ஆள் வைக்காதே. உன் முதுகு வலிக்கட்டும்.

கொழுந்தியாள் போனில் அக்காளிடம் அழுதாளாம், அழவேண்டாம் என்று சொல். உன் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டதாகவும் நினைக்காதே. மீதிக் குஞ்சுகள் பிழைத்தால் மறுபடி உன் படம் வரும், மறுபடி இங்கே ஒட்டுவார்கள், அதைக் கடந்து நான் டீ குடிக்கப் போகவேண்டும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நன்றி எழுதாதே. கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லவும் சொல்லாதே. எனக்குச் சேரவேண்டியதை நீ தானம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதற்கும் உனக்குக் கைதட்டுவார்கள்.

அடியில் என்ன போடுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'அன்புடன்' என்று போட மனம் வரவில்லை. யோசனை என்னுடையது, பெயர் உன்னுடையது என்பதுதானே நம் ஏற்பாடு. அது அப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன்.