ழ இல்லாத பலகை

செவ்வாய், இரவு.

எங்கள் தையல் கடைக்கு மனைவியின் பெயர்: அழகு டெய்லர்ஸ். பலகையில் கன்னட எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டுமாம். "ஏனு மாட்லி சார், ரூல்ஸ்" என்று, நான் என்ன செய்யட்டும் என்பதுபோல, மாநகராட்சி ஆள் போன வாரம் கையை விரித்தார். சாக்கடை அடைத்துக்கொண்டால் வராத ஆள், என் சுவரில் எழுத்தை அளக்க வருகிறார். கன்னடத்தோடு எனக்குச் சண்டையில்லை. அரசாங்கத்துக்கு என் சுவரில் என்ன வேலை?

இன்று புதுப் பலகை மாட்டினோம். கன்னடத்தில் ழ கிடையாது. பெயின்டர் ல போட்டுவிட்டார். கன்னடப் பள்ளியில் படித்த அழகு அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"கன்னடத்துல அலகுன்னா பிளேடுங்க. என்னைக் கத்தியாக்கிட்டாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல? அவளுடைய சரியான பெயர் கீழே, தமிழில், பொடி எழுத்தில் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அண்ணாந்து பார்க்கக் கூடாது.