திருவிதாங்கூரை எடுத்த காரணம்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கு.

நேத்து அந்த ராஜா காலத்து கேமில் நான் என் நாடா திருவிதாங்கூரை எடுத்ததும், "பயந்தாங்கொள்ளி, மராட்டியரை எடுத்தாத்தான் ஜெயிக்கலாம்"னு சிரிச்சீங்க. கோவிச்சுகினு போய்ப் படுத்துட்டேன். நிஜமாவே பயம்தாங்க. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, எதிரி சுலபமா உள்ளே வர முடியாதுன்னு எடுத்தேன்.

என் மார்பில் ஒரு கட்டி இருக்கு. போன வாரம் வேலூரில் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. இன்னைக்குப் பதினொரு மணிக்கு ரிசல்ட். கூட யாரையாவது கூட்டிகினு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வாய் வரலை. ஏழு மணி பஸ்ஸில் போறேன்.

கேமில் என் டர்ன் பாக்கி. நீங்க ஆடிடாதீங்க.

தேவிப்ரியா

தறிக்கு ஜரிகை கொண்டு வர்றவர் வந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க.

ஒன்பது மணிக்கும் பஸ் இருக்கு. வந்துடுங்க, தனியா உட்கார்ந்து கேட்க என்னால முடியாது.